தலை ஆடிக்கு வந்த இரண்டு கேம் பெட்டிகள்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக எங்கள் குடும்பமே நம்புகிறது. முப்பது வருடத்துக்கும் மேலாக நானும் அதை மறுக்கவில்லை. (மறுக்க எனக்கென்ன பைத்தியமா?) இன்று சொல்லிவிடுகிறேன். அன்று நான் செய்தது கலப்படமில்லாத மடத்தனம்.

எண்பதுகளின் கடைசி. சேந்தமங்கலத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி. அக்காவுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி என்பதால், ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுகிற நோன்புக்குப் புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்திருந்தார். பம்பாய் லைனில் லாரி புக்கிங் செய்பவர். ஒரு கையில் பழக்கூடை, இன்னொரு கையில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம்.

வினை என்னவென்றால், முந்தின வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பாவும் எங்களுக்கு ஒரு வீடியோ கேம் கொண்டுவந்திருந்தார். ஒரு டிவிக்கு இரண்டு பெட்டி.

"சிங்கப்பூர்ல இதத்தானுங்க மாப்ள எல்லாரும் வெச்சிருக்கறாங்க" என்றார் சித்தப்பா, தன்னுடைய கறுப்புப் பெட்டியைத் தடவியபடி.

"அது பழசுங்க. பம்பாயில இப்ப இதுக்குத்தாங்க கிராக்கி" என்றார் மாமா. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டு பேர் குரலிலும் 'ங்க' குறையவே இல்லை. ஆனால் முகங்கள் சிவந்துகொண்டிருந்தன. அப்பா பயந்துபோய், "நம்ம ஊட்டுலயே எலக்ட்ரானிக்ஸ் படிக்கறவ இருக்கறா. எது நல்லதுன்னு அவளே சொல்லட்டும்" என்று என்னைக் கோர்த்துவிட்டார்.

சேலத்தில் பாலிடெக்னிக்கில் சேர்ந்து எனக்கு மூன்றே வாரம் ஆகியிருந்தது. பெஞ்சில் எங்கே உட்காருவது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அவருது மட்டம்னு சொல்லீராத சாமி. தலை ஆடியும் அதுவுமா மொகத்தத் தூக்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" கண் கலங்கிவிட்டாள். இந்தப் பக்கம் சித்தப்பா. பெண்பிள்ளைக்கு எதற்குப் பாலிடெக்னிக் என்ற அப்பாவுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு என்னைப் படிக்க வைத்தவரே அவர்தான். யாரைத் தோற்கடிப்பது?

ஆனாலும் நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். (அந்த மிடுக்கை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.) சித்தப்பாவின் பெட்டியில் ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தைச் சுட்டது. பிடித்து ஆட்ட ஒரு குச்சி இருந்தது; லாரி கியர் போல இருக்கிறதென்று அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மாமாவின் வெள்ளைப் பெட்டியில் குட்டி மனிதன் ஒருவன் ஓடினான், குதித்தான், குழியில் விழுந்து செத்தான். "கலரப் பாருங்க, கலர!" என்றார் மாமா. எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி.

தீர்ப்பு சொல்ல வாயெடுத்தேன். கரண்ட் போனது.

அத்துடன் எழுந்து சுட்ட தேங்காயைத் தின்னப் போயிருக்கலாம். நானோ, "டிவி பேட்டரியிலயும் ஓடும். பன்னெண்டு வோல்ட் போதும். பெட்டிக்கு டார்ச் பேட்டரி ஆறு போதும்" என்று அறிவித்தேன். வாசலில் ஜவ்வரிசி மூட்டைகளோடு எங்கள் லாரி நின்றது. டிவியை வாசலுக்கே தூக்கி வந்தோம்.

லாரியில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட். ஒன்றே போதும். நான் ஒயரை இரண்டுக்கும் சேர்த்து இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்றாகப் பிடித்தேன்; மொத்தம் இருபத்துநாலு வோல்ட். டிரைவர் ராசு அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, ரெண்டு பேட்டரியும் சேர்த்துத்தானுங்களா?"

"நான் படிக்கறதே இதத்தாண்ணா" என்றேன்.

சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம். டிவியின் முதுகிலிருந்து புகை. சுட்ட தேங்காய் வாசனையை அமுக்கிக்கொண்டு ஒரு கருகல் நாற்றம்.

படிப்பு முடிந்தது, நாளையிலிருந்து மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது சித்தப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் டிவியைக் கவிழ்த்து, ஒரே ஸ்குரூ டிரைவரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "போச்சுங்க மாப்ள." "ஆமாங்க, சுத்தமாப் போச்சுங்க." அரை மணி நேரத்தில் ஒரே தட்டில் தேங்காய்ச் சில்லைப் பிய்த்துத் தின்றபடி, புது டிவி எங்கே வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா சிரித்துவிட்டாள்.

அப்பா என்னைத் தனியே அழைத்தார். அடிவாங்கத் தயாரானேன். அவரோ என் தலையில் கை வைத்து, "ரெண்டு பேரும் தோக்கக் கூடாதுன்னு டிவியையே எரிச்சுப்புட்டியே! படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று வருடமும் மறுபேச்சில்லாமல் படிக்க வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை முதல் பட்டுச்சேலை வரை எல்லாப் பஞ்சாயத்தும் என்னிடம்தான் வருகிறது. யாராவது குரலை உயர்த்தினால், "அவகிட்டச் சொல்லு, பேட்டரியக் கொண்டாந்துருவா" என்று மாமா இன்றும் பெருமையாகச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ராசு அண்ணன் மட்டும் சிரிப்பதில்லை. அவர் யாரிடமும் எதையும் சொன்னதும் இல்லை; அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். போன தையில் என் மகள் கல்யாணத்துக்குத் தடியூன்றி வந்தார். மேடையில் எனக்கும் சம்பந்திக்கும் நடுவே நின்று, அட்சதை போட்டுவிட்டு, என் காதருகே குனிந்து கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, ரெண்டு பேட்டரியும் சேர்த்துத்தானுங்களா?"