துவக்குக்குத் தேங்காயெண்ணெய்

கையேட்டை வாசிக்காமல் வேலையில் இறங்குகிறவன் சின்னத் தவறுதான் செய்வான். பெரிய தவறு செய்ய வேண்டுமென்றால் கையேட்டைக் கருத்தூன்றி வாசித்திருக்க வேண்டும். நான் வாசித்திருந்தேன். (அடிக்கோடும் இட்டிருந்தேன்.)

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் பகுதித் துப்பாக்கி சுடும் சங்கத்தில் நான்தான் ஒரே தமிழன். சங்க வரலாற்றை எழுதுவதும் நான்தான். எந்தத் தலைவர் எந்தத் தேதியில் பதவியேற்றார் என்று கேட்காதவர்களுக்கும் சொல்வேன். ஆனாலும் அங்கே எனக்கிருந்த மதிப்பெல்லாம் என் மனைவி சுகந்தி பொரித்துத் தரும் ஆட்டிறைச்சி ரோல்ஸால் வந்தது. பழைய இராணுவத் துப்பாக்கிகளுக்கான போட்டிக்கு என்னையும் அணியில் சேர்த்தபோது, ரோல்ஸ் இல்லாமலும் நான் ஒரு ஆள்தான் என்று முதல் தடவையாக நெஞ்சு நிமிர்ந்தது.

என் துப்பாக்கி உலகப் போர்க் காலத்தது. அதன் குழலைத் தாங்கும் மரக்கட்டை வுப்பர்டால் மழைக்கு ஊதும். ஊதினால் குண்டு இடப்பக்கம் போகும். (கை நடுக்கம் காரணமில்லை. அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.) ஆகவே மரத்தைக் கழற்றிவிட்டு, ஈரம் குடிக்காத பிளாஸ்டிக் கட்டையைப் பொருத்த முடிவு செய்தேன். போட்டியில் அப்படி மாற்றியவற்றுக்கென்று தனிப் பிரிவும் இருந்தது.

போட்டி சனிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு குசினி மேசையில் துப்பாக்கியைப் பிரித்துப் பரப்பினேன்.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் விரும்பி வாங்கி, மேசையில படுக்க வைச்சு உடுப்பு மாத்திறியள்," என்றாள் சுகந்தி.

"இது சரித்திரமப்பா."

"சரித்திரத்தை அங்கால தள்ளுங்கோ. நான் வெங்காயம் வெட்ட வேணும்."

புதுக் கட்டைக்குள் துப்பாக்கியின் இரும்புப் பாகம் லொடலொடத்தது. கட்டையோடு வந்த கையேட்டில் அதற்கு வழி இருந்தது. கட்டையின் பள்ளத்துக்குள் பசையை ஊற்றி, இரும்பை அதில் அமர்த்தி, இறுக விட வேண்டும். பசை இரும்பை அச்செடுத்துக்கொள்ளும். இரும்பு ஒட்டாமல் கழன்று வர, முன்னதாக அதில் மெழுகு பூச வேண்டும்.

மெழுகு இல்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? அப்போதுதான் யன்னலோரத்து அகலவாய்ப் போத்தல் கண்ணில் பட்டது. தை மாதக் குளிரில் சுகந்தியின் தேங்காயெண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. விரலால் வழித்துப் பார்த்தேன். மெழுகேதான்! தாராளமாகப் பூசி, பசை ஊற்றி, இரும்பை அமர்த்தினேன். "சூடான இடத்தில் இறுக விடவும்" என்றது கையேடு. (அடிக்கோடிட்ட வரி.) ஹீட்டரை முழுதாகத் திருகி, பக்கத்தில் சாத்தி வைத்தேன்.

சற்று நேரத்தில் வீடெல்லாம் வாசம்.

"இஞ்சாருங்கோ, என்ர எண்ணெயை என்ன செய்தனீங்கள்?"

"துவக்கில பூசினனான். மெழுகுக்குப் பதிலா."

"உது உருகுமெல்லோ?"

ஒரு அலுமாரிப் புத்தகங்களை வாசித்தவன் நான். ஒவ்வொரு குளிர்காலமும் அதே போத்தல் அதே ஹீட்டரில் உருகுவதைப் பார்த்தவனும் நான். எனக்கு அது தோன்றவேயில்லை.

பாய்ந்துபோய் இழுத்தேன். எண்ணெய் உருகி வழிந்துவிட, பசை இரும்பையே பிடித்திருந்தது. அசையவில்லை. சுகந்தி கட்டையைப் பிடிக்க, நான் குழலைப் பிடித்து இழுத்தேன். "கோயில் தேரைக்கூட இப்படி இழுத்ததில்லை," என்றேன், மூச்சிரைக்க.

"தேரெண்டால் அசையும்."

மறுநாள் சங்கத் தலைவர் ஹெல்முட்டிடம் கொண்டுபோனேன். துப்பாக்கி செய்து, பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். விசையை அழுத்திப் பார்த்தார். அதுவும் பசைக்குள் புதைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்காயா?"

தலையாட்டினேன்.

"ஒரு உலகப் போரில் தப்பி வந்த துப்பாக்கி," என்றார் ஜெர்மனில், மிக மெதுவாக. "உன் குசினியில் தப்பவில்லை."

"அப்போ சனிக்கிழமை நான்...?"

என் தோளில் கை வைத்தார். "ரோல்ஸ் கொண்டு வா."

கொண்டுபோனேன். அணி வென்றது. வெற்றிக்கு ரோல்ஸ்தான் காரணம் என்று ஹெல்முட் உரையாற்றினார். அன்றிலிருந்து வருடத்தின் மிகப் பெரிய மடைத்தனத்துக்குச் சங்கம் ஒரு தேங்காயைப் பரிசாகக் கொடுக்கிறது. முதலில் பெற்றவரின் பெயரைச் சங்க வரலாற்றில் நானே எழுதினேன், தேதி பிசகாமல்.

துப்பாக்கி இன்னும் பிளாஸ்டிக்கோடு ஒட்டியபடி பூட்டிய பெட்டகத்தில் கிடக்கிறது. தை பிறந்து எண்ணெய் உறையும்போதெல்லாம் சுகந்தி போத்தலோடு வந்து நிற்பாள்.

"தலைக்கு வைக்க உருக்கட்டோ? இல்லாட்டி ஒட்டுற வேலை ஏதும் இருக்கோ?"