சங்கிலி மருத்துவம்

புல்டோசர் ஒரு முழம்கூட நகரவில்லை. அதற்குள் சங்கிலியில் பூசிய பெயிண்ட் எல்லாம் மேஜைமேல் உதிர்ந்து கிடந்தது. ஓய்வுபெற்ற நூலகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

உள்ளங்கையில் அடங்குகிற மாடல் வண்டிதான். ஆனால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி மட்டும் அசல் உலோகம். கண்ணி கண்ணியாக வளையும். பாகம் பாகமாக ஒட்டி, பெயிண்ட் பூசி முடிக்க வேண்டியது. மகள் வாங்கித் தந்தது.

"ஞாயித்துக்கிழமை வருவேன்ப்பா. அதுக்குள்ள இதை முடிச்சு வைங்க. முடிக்கலன்னா, சும்மா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்கன்னு அர்த்தம். அப்புறம் வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்."

மனைவி போனபிறகு அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் இருந்தவரை "சத்தம் போடாதீங்க" என்று எல்லோரையும் அதட்டியவர். இப்போது வீட்டில் அதட்டுவதற்கு ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் அவள் நடமாடிய வீடு. அதைவிட்டுப் போக அவருக்கு மனசில்லை.

சங்கிலியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருந்த மாடல் வண்டிக் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் சரியான சிடுமூஞ்சி. "என்ன, அதுக்குள்ள கெடுத்தாச்சா?"

"பெயிண்ட் உதிர்ந்துடுச்சுங்க."

"மெல்லிசாப் பூசியிருப்பீங்க. கெட்டியாப் பூசுங்க." ஒரு டம்ளரை அவர் பக்கம் தள்ளினார். "தப்பா ரெண்டு டீ வந்துடுச்சு. வீணாப் போகுது, குடிங்க."

கெட்டியாகப் பூசினார். கண்ணிகள் ஒட்டிக்கொண்டு சங்கிலி கைத்தடி மாதிரி விறைத்து நின்றது.

"தின்னர்ல ஊற வைங்க," என்றார் கடைக்காரர் மறுநாள். அன்றும் ஒரு டீ தப்பாக வந்திருந்தது.

தின்னர் பெயிண்ட்டைக் கரைத்தது. பிளாஸ்டிக் கிண்ணத்தையும் கரைத்தது. கீழே வழிந்து மேஜையின் மெருகையும் தின்று தீர்த்தது.

"திரும்பப் பூசி, அடுப்புல லேசா சூடு காட்டுங்க. நல்லாப் பிடிச்சுக்கும்."

பிடித்துக்கொண்டது நெருப்பு. புகையைப் பார்த்து மாடி வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். அடுப்பில் ஊற்றியது கொஞ்சம். நூலகர் தலையில் ஊற்றியதுதான் அதிகம்.

மறுநாள் கடை வாசலில் தயங்கி நின்றார். வாய்திறந்து பேச அவருக்கு இருந்தது இந்த ஒரே மனிதர். அவருக்கும் தொல்லையாகிவிட்டோமே என்று திரும்பி நடக்கப் பார்த்தார்.

"வாசல்லயே நின்னா சங்கிலி தானா சரியாயிடுமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "டீ ஆறுது."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கருகிய வாடையை முகர்ந்தாள், மேஜையைப் பார்த்தாள், பெட்டியில் அப்பாவின் துணிகளை அடுக்கினாள்.

"கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேம்மா."

"நானும் வரேன். இப்படி யோசனை சொன்ன மகராசனை நானும் பாக்கணும்."

விஷயம் தெரிந்ததும் கடைக்காரரின் முகம் வாடிவிட்டது. "வண்டி முடிஞ்சா உங்கப்பா இங்கயே இருக்கலாமா?" என்று மகளிடம் கேட்டார்.

"அப்படித்தான் பேச்சு. எங்க முடிஞ்சுது?"

அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். நூலகர் கையிலிருந்த சங்கிலியை வாங்கி, அதில் கருகியிருந்ததைச் சுரண்டித் துடைத்துவிட்டு, குப்பியில் இருந்த மருந்தில் முக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலோகம் கருகருவென்று நிறம் மாறியது. வளைத்துக் காட்டினார். ஒரு துகள் உதிரவில்லை.

மகள் கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பெட்டியைக் கீழே வைத்தாள். "அப்போ இதுக்குப் பெயிண்ட்டே வேண்டாமா?"

"வேண்டாம்."

"இது உங்களுக்கு முதல் நாளே தெரியாதா?"

கடைக்காரர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். காலி டம்ளர்களை எடுக்க வந்த பக்கத்து டீக்கடை அம்மாதான் பதில் சொன்னாள்.

"தெரியாம என்னம்மா? உங்கப்பா வர்ற நேரமாச்சுன்னா அந்தக் குப்பியை ஒளிச்சு வெச்சுட்டு, 'ரெண்டு டீ'ன்னு குரல் குடுக்கறதே இவருதானே."