இல்லாத நெஞ்சுவலி

வேண்டாம் என்று சொல்வதற்காக எடுத்த போனில், "சரிங்க டாக்டர், திங்கட்கிழமை வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள் சின்னவள்.

அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாதி மடித்த சட்டை கையிலேயே நின்றது.

"என்னடி சொன்ன?"

"வேணாம்னுதாம்மா சொல்ல ஆரம்பிச்சேன்."

"எங்க ஆரம்பிச்ச? 'சரிங்க'ன்னுதானே முதல் வார்த்தையே வந்துச்சு?"

"அவங்க குரல் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல."

சின்னவள் எப்போதுமே இப்படித்தான். செருப்புக் கடையில் விற்பவர் சிரமப்பட்டு மேலேறி நாலு ஜோடி எடுத்துக் காட்டிவிட்டார் என்பதற்காக, காலைக் கடிக்கிற செருப்பை வாங்கிக்கொண்டு வருகிறவள். நர்சிங் படிப்பை முடித்தவுடன் இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்களுக்கு அது அதிர்ஷ்டமாக இருந்திருக்கும். இவளுக்கு, இரண்டில் ஒருவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டுமே என்ற நினைப்பிலேயே சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்று பெரிய ஆஸ்பத்திரி. பத்து மாடி, கண்ணாடிச் சுவர், லிஃப்டுக்குள் மெல்லிசை. புதிதாகத் திறக்கப்போகிற வார்டு ஒன்றுக்கு ஆள் எடுத்திருந்தார்கள். இன்னொன்று பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரி. அதற்கு ஒரே ஒரு மாடி. அதிலும் பாதியில் அதை நடத்துகிற டாக்டரம்மா குடியிருந்தார். இவளை வரச்சொல்லிப் பேசிய அன்று டாக்டரம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. வீறிட்டு அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி இவள் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று ஊசி போட்டார். குழந்தை இவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுதீர்த்துவிட்டு, அப்படியே தூங்கிப்போனது. "எப்ப வர்றே?" என்றார் டாக்டரம்மா.

சின்னவளின் மனம் அன்றே அங்கே தங்கிவிட்டது. ஆனால் அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிதான். அப்பா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பிரேக் மாஸ்டர். அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம், "இடது பக்கம் பாரு. அங்கதான் எம் பொண்ணு வேலை பார்க்கப்போறா" என்பார். அப்படித் திரும்பிப் பார்த்த இரண்டு மாணவர்கள் காரை நடைபாதை மேல் ஏற்றியிருந்தார்கள்.

அந்த அப்பாவிடம் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பெரிய ஆஸ்பத்திரிக்குச் சரி என்று சொல்லியாகிவிட்டது. இப்போது சின்ன ஆஸ்பத்திரிக்கும் சரி. இரண்டும் ஒரே திங்கட்கிழமை.

அம்மா யோசித்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஒரு வாரம் கழிச்சு வரேன்னு சொல்லு. அதுக்குள்ள உங்கப்பாகிட்ட நான் பக்குவமாப் பேசிக்கறேன்."

"ஏன்னு கேட்டா?"

"வீட்ல உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"யாருக்குன்னு கேட்டா?"

"அதையெல்லாமா கேட்டுட்டு இருக்கப்போறாங்க?"

அப்போது போன் அதுவாகவே அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பிரண்டு. அங்கே எல்லாருக்கும் அவர் மேடம்.

"நல்லா இருக்கியாம்மா? உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு..."

நாளைக்கே வந்து சேரச் சொல்லப்போகிறார் என்று நினைத்துச் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"மேடம், வீட்ல உடம்பு சரியில்ல மேடம்!"

"ஐயோ, யாருக்கு?"

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னை இழுக்காதே என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"அப்பாவுக்கு."

"என்ன செய்யுது?"

படித்த படிப்பெல்லாம் அந்த நேரம் பார்த்து முன்னால் வந்து நின்றது. "நெஞ்சு வலி மேடம். இடது கை வரைக்கும் பரவுது. வேர்த்துக் கொட்டுது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுமுனையில் மேடம் பதறிப்போனார். "அடடா, இந்த நேரத்துல போயி நான்... சரி, அதை விடு. அப்பாவை நடக்க விடாத. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

"வே..." என்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஆம்புலன்ஸும் மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பாவும் ஒன்றாகத் தெருவுக்குள் நுழைந்தார்கள். தன் வீட்டு வாசலில் அது நிற்பதைப் பார்த்ததும் காரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார் அப்பா.

"என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

அம்மா அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "கத்தாதீங்க. உங்களுக்குத்தான். நெஞ்சு வலி."

"எனக்கா? எப்போலேர்ந்து?"

"ஒரு கால் மணி நேரமா."

"எனக்கு ஒண்ணும் இல்லையே!"

"இல்லன்னா உங்க பொண்ணு பொய்க்காரின்னு ஆயிடும். விவரத்தை அப்புறம் சொல்றேன். வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரியில அவ பேரு கெடணுமா?"

பெரிய ஆஸ்பத்திரி என்றதும் அப்பா பேசாமல் போய் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். ஜன்னல்தோறும் அக்கம்பக்கத்துத் தலைகள் தெரிந்ததால் ஒருமுறை முனகவும் செய்தார்.

அந்த முனகல் தெருமுனை வரைதான் தாங்கியது.

"மேட்டுல எதுக்குய்யா மூணாவது கியர்? ரெண்டுக்கு மாத்து! இன்ஜின் அழுவுது பாரு!"

ஆம்புலன்ஸ் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "நெஞ்சு வலி யாருக்கு சார்?"

"எனக்குத்தான். நீ முன்னாடி பார்த்து ஓட்டு."

ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களும் பரிசோதனைகளும் அப்பாவை நல்ல ஆரோக்கியசாலி என்று ஒரே குரலில் சொல்லின. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சின்னவள் பையைக் கட்டினாள். மேடம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வயதில் பெரியவர், மென்மையான குரல். பேசும்போது கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

"உன் வேலை விஷயமாக் கொஞ்சம் பேசணும்மா" என்று ஆரம்பித்தார்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எம் பொண்ணுக்கு எந்த மாடி மேடம்? ரோட்டுலேர்ந்து பார்த்தாத் தெரியுமா? கார் கத்துக்கற என் பசங்களுக்கெல்லாம் காட்டணும்."

மேடம் அப்பாவைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார்.

"எதுக்கும் இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். வேலை விஷயம் என்று ஆரம்பித்தார். அப்பா நன்றி சொன்னார். இன்னொரு டெஸ்ட் எழுதினார்கள். அதற்கடுத்த நாளும் அதே. வேலைக்கே சேராத ஒருத்தியின் அப்பாவை இப்படித் தாங்குகிறார்களே என்று சின்னவளுக்கு உறுத்தல் தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பாள். மேடமும் அதே நேரத்தில் வாயைத் திறப்பார். "நீங்க சொல்லுங்க மேடம்." "இல்லம்மா, நீ சொல்லு." இரண்டு பேரும் பழச்சாற்றைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிவார்கள்.

அப்பாவுக்குக் குறை ஒன்றும் இல்லை. பொத்தானை அழுத்தினால் கட்டிலின் தலைப்பக்கம் எழும்பியது. வருகிறவர்களுக்கெல்லாம் அதை ஓட்டிக் காட்டினார்.

திங்கட்கிழமை வந்தது. சின்ன ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அதனால் இன்று வர முடியாது என்றாள் சின்னவள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வார்டு வாசலில் வந்து நின்றார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மேடம் இருந்தார்.

"நீங்க?" என்றார் மேடம்.

"நான் பஸ் ஸ்டாப் பக்கத்துல குழந்தைங்க ஆஸ்பத்திரி வெச்சிருக்கேன். இவர் எங்க நர்ஸோட அப்பா."

"உங்க நர்ஸா? யாரு, இந்தப் பொண்ணா?"

மேடத்தின் முகம் மின்சாரம் வந்த வீடு மாதிரி பளிச்சென்று ஆனது. கோபத்தை அடக்கிக்கொண்டு சிரிக்கிறார் என்றுதான் சின்னவள் நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு நடப்பது முழுதாகப் புரியவில்லை. மகள் ஏதோ வசமாக மாட்டிக்கொண்டாள் என்பது மட்டும் புரிந்தது. தன்னால் முடிந்ததைச் செய்தார்.

"ஆ!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"இடது பக்கம்" என்று அம்மா முணுமுணுத்தாள்.

அப்பா கையை மாற்றிக்கொண்டார்.

மணி அடித்தது. தள்ளுவண்டி ஓடிவந்தது. டாக்டரம்மாவே முன்னால் பாய்ந்து அப்பாவின் நாடியைப் பிடித்தார். எல்லாரும் தன்னைச் சூழ்ந்துகொண்டதைப் பார்த்த பயத்தில் அப்பாவின் நாடி நிஜமாகவே தாறுமாறாக ஓடியது. பத்தே நிமிடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு கம்பிகளோடு கிடந்தார்.

இதய டாக்டர் வெளியே வந்தார். "படத்துல ஒண்ணும் தெரியல. ஆனா வலி திரும்ப வந்திருக்கு. நாளைக்குக் காலையில ஆஞ்சியோகிராம் பண்ணிடலாம். இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா."

படித்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மணிக்கட்டு வழியாக ஒரு குழாயை இதயம் வரை கொண்டுபோவார்கள். ஒன்றுமே இல்லாத ஒரு மனிதனின் இதயம் வரை.

உள்ளே போனாள். அப்பா மெல்லிய குரலில் கேட்டார்.

"ஏம்மா, ஏதோ குழாய் விடப்போறாங்களாமே?"

"ஆமாப்பா."

"ரொம்ப வலிக்குமா?"

அவள் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சரி, விட்டுட்டுப் போகட்டும். விட்டாத்தான் உனக்கு இங்க நல்ல பேருன்னா விடட்டும். நான் கண்ணை மூடிக்கறேன்." சொல்லும்போதே மூடிக்கொண்டார். கை மட்டும் கட்டில் கம்பியை விடவில்லை.

சின்னவள் கையெழுத்துப் போடாத தாளை எடுத்துக்கொண்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

"வேணாம் மேடம்."

சொன்ன பிறகு, அந்தச் சத்தம் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வந்த தைரியம் போவதற்குள் மீதியையும் கொட்டினாள்.

"எங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். எனக்கு இந்த வேலையும் வேணாம். குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு ஆசை. உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லத் தைரியம் வரல. என்னை மன்னிச்சிடுங்க."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டைக்கு முதல்முறையாக உண்மையான வேலை வந்தது. எழுந்து வந்து சின்னவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா இருக்கணும்மா. ரொம்ப நல்லா இருக்கணும்" என்றார்.

அவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றிவிட்டோமே என்று சின்னவளும் அழுதாள்.

இத்தனை நாள் விடாத ஆஸ்பத்திரி அரை மணி நேரத்தில் அப்பாவை விட்டுவிட்டது. ஆம்புலன்ஸிலேயே வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லியிருந்தார் மேடம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கோபிக்கவில்லை. மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ இனிமே என் பசங்களை எந்தப் பக்கம் பார்க்கச் சொல்றது?"

"ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

டாக்டரம்மா இன்னும் போகாமல் வாசலில் ஆப்பிள் பையோடு நின்றிருந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள் சின்னவள். அவர் சிரித்து முடிக்க நேரமானது. "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. பொய் சொல்றதா இருந்தா குழந்தைங்ககிட்ட மட்டும் சொல்லு. ஊசி வலிக்காதுன்னு" என்று பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பாவும் அம்மாவும் ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். அன்றைக்கு வந்த அதே ஆம்புலன்ஸ் டிரைவர்தான். பின்கதவைப் பிடித்துக்கொண்டு சின்னவளிடம் கேட்டார்.

"சார் நல்லாத்தானே இருக்காரு? நீ எப்பம்மா இங்க சேர்றே?"

"சேரலண்ணா. வேணாம்னு மேடத்துகிட்டச் சொல்லிட்டேன். பாவம், அவங்க அழுதுட்டாங்க. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

டிரைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"புது வார்டு திறக்கறதையே நிறுத்திட்டாங்களேம்மா, ஏது வேலை? அதை உங்கிட்டச் சொல்ல வாய் வராமத்தான் அந்த மேடம் உங்கப்பாவை இத்தனை நாள் வீட்டுக்கே விடல!"