கேசவ நகர் ஒலிபரப்பு

சத்தியநாதன் வீட்டு டிவியிலிருந்து தன் சிநேகிதன் லோகநாதனின் குரல் வந்தபோது, சம்பந்தம் காபி டம்ளரை அப்போதுதான் உதட்டருகே கொண்டுபோயிருந்தார்.

திரையில் படம் எதுவும் இல்லை. வெறும் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து லோகநாதன் தெளிவாகக் கேட்டான்.

"என்னம்மா ரேணுகா, வீட்டுக்காரர் எங்க?"

அடுத்து வந்தது சம்பந்தத்தின் மனைவி ரேணுகாம்பாளின் குரல். "ஓட்டுக் கேக்கப் போயிருக்காருண்ணா. எதிர்வீட்டு வாத்தியார் வீட்டுக்கு."

"யாரு, எச்சக் கையால காக்கா ஓட்டாத வாத்தியாரா? நான் சொல்லலைம்மா. உன் புருஷன் தினம் சொல்றதுதான்."

சம்பந்தத்துக்குக் காபி மூக்கில் ஏறியது. எதிரே உட்கார்ந்திருந்த அந்த வாத்தியார், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் சத்தியநாதன், நிதானமாக எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே நேரத்தில் சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி கையில் பாதி நறுக்கிய புடலங்காயோடு ஓடிவந்து டிவி முன்னால் உட்காரப் போனாள். சம்பந்தத்தைப் பார்த்ததும் அசடு வழிந்துகொண்டே உள்ளே திரும்பிவிட்டாள்.

"காபி ஆறுது, குடிங்க," என்றார் சத்தியநாதன்.

எப்படி விடைபெற்றோம், செருப்பை எந்தக் காலில் மாட்டினோம் என்பதெல்லாம் சம்பந்தத்துக்கு நினைவில்லை. தெருவில் நின்று மூச்சு வாங்கினார்.

சம்பந்தத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, கீழ்க்கட்டளையில் அவருடைய அப்பா கேசவன் நெல் போட்ட நிலம்தான் இப்போது மனைகளாகி, வீடுகளாகி, கேசவ நகர் என்ற பெயரோடு நிற்கிறது. மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சம்பந்தம், ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த நலச் சங்கத் தேர்தலில் தலைவராகிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். அப்பா பெயரில் இருக்கும் நகரில் மகன் தோற்றால், அப்புறம் எந்த முகத்தோடு கடையைத் திறப்பது?

இரண்டாவது, அவருக்கு எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. மிக்ஸி வந்தபோது சட்னிக்கு ருசி போய்விடும் என்றார், பிறகு வாங்கினார். டிவி வந்தபோது மனிதனின் மூளை மழுங்கிவிடும் என்றார். பிறகு கலர் டிவியே வாங்கினார். துபாயிலிருந்து மைத்துனன் கார்ட்லெஸ் போன் கொண்டுவந்து கொடுத்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேசவ நகரில் வேறு யாரிடமும் அது இல்லை என்பதால், நாட்டு முன்னேற்றத்துக்கு இது அவசியம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அன்று முதல் தினமும் காலையில் மொட்டைமாடியில் அந்தப் போனின் ஏரியலை முழுநீளத்துக்கு இழுத்துவிட்டு, மேற்கும் கிழக்குமாக நடந்தபடி, தாம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் லோகநாதனிடம் தன் அபிப்பிராயங்களைக் கொட்டுவார். டெல்லி சர்க்காரில் தொடங்கி, பத்திரிகைகளைத் திட்டி, கடைசியில் தெருவுக்கு வந்து சேர்வார்.

டிவி மெக்கானிக் ஆனந்தனிடம் போய், ஒரு நண்பருக்காகக் கேட்பது போல விசாரித்தார். ஆனந்தன் சிரித்துவிட்டு, அது போன் இல்லை சார், குட்டி ரேடியோ ஸ்டேஷன் என்றான். அந்த மாதிரி மலிவு செட்டில் பேசினால் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற டிவி எல்லாவற்றிலும் காலிச் சேனலில் கேட்கும், ரெண்டு பக்கப் பேச்சும் கேட்கும் என்றான்.

"எத்தனை நாளா கேக்குது?"

"உங்க நண்பர் எப்ப வாங்கினாரோ அப்பலேர்ந்து."

 பொங்கலுக்கு வந்தது; இப்போது ஆடி. அதற்குள் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்று சம்பந்தம் நடந்துகொண்டே நினைத்துப் பார்த்தார். வார்டு மெம்பர் முனிரத்தினம் போட்ட ரோட்டைவிட எங்கப்பா போட்ட வரப்பு உசத்தி என்று சொன்னது. கேபிள்காரன் ரங்கன் நம் கலாசாரத்தைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டித் தொங்கவிட்டவன் என்று சொன்னது. வாத்தியாரின் கஞ்சத்தனத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது சொன்னது. இவர்கள் எல்லோருமே ஓட்டுப் போடுகிறவர்கள்.

ரேணுகாவிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தார். ஆனால் இந்தப் போனைப் பற்றி அவளிடம் அடித்திருந்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. திட்டினது கேட்டிருந்தால், புகழ்ந்தாலும் கேட்கும்தானே?

மறுநாள் மாடியில் ஏரியலை இழுத்தார். "லோகநாதா, முனிரத்தினம் மாதிரி ஒரு மெம்பர் கெடைக்க நாம கொடுத்து வெச்சிருக்கணும்டா."

 லோகநாதன் கவலையோடு கேட்டான். "டேய், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ரங்கன் இருக்கானே, தங்கமான பையன்."

"போன வாரம்தான அவன் கையில சங்கிலி மாட்டி உள்ள தள்ளணும்னு சொன்ன? முனிரத்தினத்த இன்னான்னு சொன்ன, ஞாபகம் இருக்கா? ஒண்ணு ஒண்ணா சொல்லட்டா?"

சொல்லவும் செய்தான். அவனுக்கு நல்ல ஞாபகசக்தி. சம்பந்தம் பட்டனை அமுக்கி நிறுத்துவதற்குள், ஆறு மாதத் திட்டலும் சுருக்கமாகவும் வரிசையாகவும் மறு ஒலிபரப்பு ஆகிவிட்டது.

அன்று மதியமே பஸ் பிடித்துத் தாம்பரம் போய் லோகநாதனிடம் நேரில் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேருமாக ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, இனிமேல் என்ன பேசுவது என்று எழுதியே வைத்துக்கொண்டார்கள். நாடகம் பார்த்த அனுபவம் உள்ள லோகநாதன், எந்த இடத்தில் தழுதழுக்க வேண்டும் என்பதைக்கூடக் குறித்துக்கொண்டான்.

அடுத்த நாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. சத்தியநாதனின் சிக்கனத்தை நாடே பின்பற்ற வேண்டும் என்று சம்பந்தம் சொன்னார். உன்னைப் போன்ற பரந்த மனசுக்காரன் தலைவராக வந்தால் கேசவ நகருக்கே விடிவுகாலம் என்று லோகநாதன் தழுதழுத்தான். அப்புறம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சம்பந்தம், இங்க 'சிரிக்கவும்'னு போட்டிருக்கே, நான் சிரிக்கணுமா, நீ சிரிக்கணுமா?"

சம்பந்தம் மாடியிலிருந்து கீழே பார்த்தார். வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் கிளியம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துக் கும்பிடு போட்டாள். அவமானத்தில் சம்பந்தத்துக்குக் காது மடல் சுட்டது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் புரியவில்லை. தெருவில் யாரும் அவர்மேல் கோபமாக இல்லை. மாறாக, எல்லோரும் ஒருவிதப் பரிவோடு பார்த்தார்கள். சந்தா வாங்க வந்த ரங்கன், "சார், சன்னல் ஓரம் முட்டை ஓடு வெச்சுப் பாருங்க. பல்லி கிட்ட வராது," என்று சொல்லிவிட்டுப் போனான். பல்லியைக் கண்டால் சம்பந்தத்துக்கு உயிரே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் இதையெல்லாம் போனில் பேசுவாரா? தான் அலறியது வெளியே கேட்டிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

சத்தியநாதன் ஒரு நாள் வழியில் நிறுத்தி, தொடர்களில் யாராவது செத்துப்போனால் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அது வெறும் நடிப்பு என்று ஆறுதல் சொன்னார். டிவி தொடர்களைத் தடை செய்ய வேண்டும் என்பதுதான் சம்பந்தத்தின் பகிரங்கமான அபிப்பிராயம். போன வாரம் ராத்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் மேலே முனிரத்தினம் கேட்ட கேள்விதான் அவரை உலுக்கிவிட்டது.

"அண்ணே, அடுத்த எலெக்‌ஷனுக்கும் சாமி படத்துக்கு முன்னால சீட்டுதானா?"

 ஓட்டுப் போடும் நாள் காலையில் சம்பந்தம் குளித்துவிட்டு, பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்சிக்கு ஒரு சீட்டு எழுதிப் பிள்ளையார் முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எது வருகிறதோ அதற்குத்தான் ஓட்டு. வருஷம் முழுக்க எல்லாக் கட்சிகளையும் அலசிக் காயப்போடுகிறவர் இதை லோகநாதனிடம் சொல்வாரா? சத்தியமாகச் சொன்னதில்லை. முனிரத்தினம் குத்துமதிப்பாக அடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாலும், அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தச் சனியனே வேண்டாம் என்று கார்ட்லெஸ்ஸைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய சுருள் ஒயர் போனை மாட்டினார். சமையல்கட்டிலிருந்தே பேச வசதியாக இருந்ததே என்று ரேணுகா குறைப்பட்டாள். விஞ்ஞானம் மனிதனைச் சோம்பேறியாக்கக் கூடாது என்று தன் அபிப்பிராயத்தைச் சொல்லி அவளை அடக்கினார்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. முதலில் கிளியம்மாள் துணி கொடுக்கிற சாக்கில் வந்தாள். "இன்னா சார், போன் ரிப்பேரா? தெருவே பேஜாரா கீது." அடுத்து ரங்கன் வந்து, தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். மாலையில் வந்த சத்தியநாதன் கையில் ஒரு புது பேட்டரி வைத்திருந்தார். சொந்தக் காசில் வாங்கியது. சம்பந்தம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்படியானால் தன் குரலுக்காக இவர்கள் ஏங்குகிறார்கள். திட்டினாலும் சரி, உண்மையைப் பேசுகிறவன் இவன் ஒருத்தன்தான் என்று தெரிந்துகொண்டுவிட்டார்கள். சம்பந்தம் பூரித்துப் போனார். ராத்திரியோடு ராத்திரியாகக் கார்ட்லெஸ் மறுபடியும் மாட்டப்பட்டது. மறுநாள் மாடியில் ஏரியல் ஏறியது. எழுதி வைத்ததெல்லாம் குப்பைக்குப் போனது. டெல்லி, கேபிள், கம்ப்யூட்டர், தேர்தல் கமிஷன் என்று தொண்டை கட்டும் வரை பேசினார். லோகநாதன் நடுவில் கடை திறக்கப் போய்விட்டான். அது தெரிந்தும் சம்பந்தம் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். சம்பந்தம் சலவை வேட்டியில், மாலை விழ வசதியாகத் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஏற்புரைக்கு ஒரு அபிப்பிராயமும் தயாராக இருந்தது. ரேணுகா பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

முனிரத்தினம் மைக்கைப் பிடித்தார். போட்டியெல்லாம் வேண்டாம், எல்லோரும் கூடிப் பேசி ஒரே முடிவாக எடுத்துவிட்டோம் என்றார். "தினம் நம்ம எல்லார் வீட்டுக்குள்ளயும் அவங்க குரல் வருது. எந்தக் குழாய்ல தண்ணி வரல, எந்தச் சாக்கடை அடைச்சிருக்கு, யார் வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சல், எல்லாம் அவங்க சொல்லித்தான் நமக்கே தெரியுது. அவங்கதான் தலைவரா வரணும்."

கைதட்டல் தொட்டியில் எதிரொலித்தது. குழாயைப் பற்றி நாம் எப்போது பேசினோம் என்று சம்பந்தத்துக்கு ஒரு கணம் உறைத்தது. பேசியிருப்போம், பேசாத விஷயமா என்று இரு கைகளையும் கூப்பியபடி பாதி எழுந்தார்.

"நம்ம ரேணுகா அக்கா, மேடைக்கு வரணும்."

மாலை அவர் தலையைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போயிற்று. ரேணுகா திகைத்துப்போய், "நானா? நான் எப்ப பேசினேன்? எங்க பொன்னிகிட்டகூட மத்தியானத்துல மட்டும்தானே பேசுவேன்," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திருநீர்மலையில் இருக்கும் தங்கை பொன்னியம்மாளிடம் அவள் போனில் பேசுவது வழக்கம் என்பதே சம்பந்தத்துக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அவர் கடையில் இருப்பார்.

பாதி எழுந்தவர் அப்படியே உட்கார முடியாமல் நின்றார். ஆனாலும் மனித மனசு ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடும். அரசியலில் பெண்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்களே. தன் பேச்சில் மயங்கி, தன் வீட்டுக்கே பதவி தந்திருக்கிறார்கள். ரேணுகா உட்கார்ந்தால் என்ன, பேசப்போவது தான்தானே.

பக்கத்தில் கிளியம்மாள் கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தம் குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார். "ஏம்மா கிளியம்மா, காலைல நான் பேசறதெல்லாம் தெருவுல எல்லாரும் விடாம கேட்டிருக்கீங்க, இல்ல?"

"நீங்க பேசறப்ப நாங்கல்லாம் சவுண்ட கொறச்சிட்டு சோறு வடிக்கப் பூடுவோம் சார், மத்தியானம் அக்கா அவங்க தங்கச்சிகிட்ட உங்களப் பத்தி சொல்லுவாங்க பாருங்க, அப்பதான் தெருவுல ஒரு வூட்லயும் அடுப்பு எரியாது."