கஸ்பார் அறுத்த பலகை

சேசு, மரி, சூசை

பள்ளிபாளையம்
12-2-1962

அன்புள்ள மகன் தோமினிக்குக்கு அம்மா தெரசம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் நலம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. பத்தொன்பதாம் தேதி எனக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்யச் சென்னையில் படுக்கை பிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதை உடனே ரத்து செய். எனக்குக் குணமாகிவிட்டது. நீ நம்பமாட்டாய் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

போன மாதம் ஈரோட்டு டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கவிடாமல் இடது காலைத் தூக்கினார். ஒரு முழம் உயர்வதற்குள் நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். நோய் காலில் இல்லையாம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையில் இருக்கும் வட்டு பிதுங்கி ஒரு நரம்பை அழுத்துகிறதாம். அந்த நரம்பு இடுப்பில் புறப்பட்டு, நாற்காலியில் பதியும் இடத்தின் வழியாகக் குதிகால் வரை போவதால் வலியும் அதே பாதையில் போகிறதாம். பாதம் துவண்டுவிட்டாலோ சிறுநீர் கட்டிக்கொண்டாலோதான் அவசரம், மற்றபடி பெரும்பாலோருக்குக் கத்தி வைக்காமலே அடங்கிவிடும் என்றார். மெத்தைக்கு அடியில் பலகை போட்டு மூன்று வாரம் படுக்க வேண்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்ட வேண்டும், கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம்.

பலகைக்கு நம் கோயில் தச்சன் கஸ்பாரிடம் பாவாயியை அனுப்பினேன். சமையலில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். செய்தி சொல்ல அனுப்பியது என் தவறு. "அம்மா படுக்கறதுக்கு ஒரு பலகை வேணுமுங்க. டாக்டரு மூணு வாரமுன்னு சொல்லிப்போட்டாருங்க" என்று சொல்லி, கண்ணையும் துடைத்திருக்கிறாள். கஸ்பார் அன்று மாலையே வந்தான். கட்டிலை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டுத் தோளையும் அளந்தான். "தோள் எதற்கு கஸ்பார்?" என்றேன். "வழக்கமுங்கம்மா" என்றான். மறுநாள் வந்த பலகை தோள் பக்கம் அகலமாகவும் கால் பக்கம் ஒடுங்கியும் இருந்தது. நான்கு மூலையும் இல்லை. இது என்ன கோலம் என்று கேட்டதற்கு, "மூடி திங்கக்கெழமை ஆயிருமுங்க" என்று தலைகுனிந்து சொல்லிவிட்டுப் போனான். அவன் என்ன பெட்டி செய்கிறான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனாலும் வலி பொறுக்க முடியாமல் அதன்மேல்தான் படுத்தேன்.

கஸ்பார் வாயை மூடிக்கொண்டிருப்பானா? இரண்டு நாளில், கோயிலில் எனக்குப் பின்வரிசையில் உட்காரும் இசபெல்லா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, "கோயில்ல உங்க முன்வரிசை நாற்காலிய யாருக்குன்னு சொல்லீட்டீங்களாக்கா?" என்று விசாரித்தாள். அவள் போன சூட்டோடு பங்குச் சாமியார், சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப்பூசுதலுக்கு எண்ணெயோடு வந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி, "அந்த எண்ணெயத் தொடையில கொஞ்சம் அழுத்தித் தேச்சுடுங்க சாமி, நரம்பு எளகட்டும்" என்றாள். சீக்கிரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்தே வருவேன், அதுவரை எண்ணெய் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

சொன்னபடி செய்தேன். மூன்று வாரம் படுத்தேன், ஒத்தடம் கொடுத்தேன், முற்றத்தில் முதல் நாள் இருபது அடியில் தொடங்கி நாளுக்கு இருபது அடி கூட்டினேன். நேற்றுக் கோயிலுக்கு நடந்தே போய், சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தில் எல்லாரோடும் முழங்காலிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இசபெல்லா பூசைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். பலகை இனி எனக்குத் தேவையில்லாததால், இன்று விடியற்காலை காலமான சவரியார் உபதேசியாருக்கு அதைக் கொடுத்துவிட்டேன். ஆகையால் ஆபரேஷன் வேண்டாம். இங்கே ஒரு குறையும் இல்லை.

உங்கள் எல்லாருக்கும் என் ஆசீர். பிள்ளைகள் இரவுச் செபத்தை விழுங்காமல் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தெரசம்மாள்

பி.கு.: இதைப் பக்கத்து வீட்டு ஜெபமலரைக் கொண்டு எழுதுவிக்கிறேன். கையெழுத்துப் போட்டதும் பேனா மூடி கீழே விழுந்தது. முழங்காலை மடக்காமல் குனிந்துவிட்டேன். மூடி மேசைக்கு அடியிலேயே கிடக்கிறது. பலகை உபதேசியாரோடு போய்விட்டது. என் பெயரும் சிலுவையும் செதுக்கியிருந்ததால் பெட்டி மூடியை மட்டும் கஸ்பார் வேறு யாருக்கும் தர முடியாமல் வைத்திருந்தான். இப்போது அதன்மேல்தான் படுத்திருக்கிறேன். மெத்தையைத் தாண்டிச் சிலுவை உறுத்துகிறது. டாக்டர் மறுபடியும் மூன்று வாரம் என்கிறார். கத்தி வேண்டாம் என்பதில் அவரும் நானும் ஒன்று. ஆனாலும் படுக்கையை ரத்து செய்யாதே, மார்ச்சுக்குத் தள்ளிப்போடு. அந்தக் கட்டிலில் மெத்தைக்கு அடியில் பலகை உண்டா, அதற்கு நான்கு மூலையும் இருக்கிறதா என்று நீயே நேரில் போய்ப் பார்த்து எழுது.