ஒரு பக்க யானை

"டமார்!"

கடற்கரைப் பூங்காவின் பழைய ராட்டினம் ஒருமுறை குலுங்கியது. மரக்குதிரைகள் பன்னிரண்டும் ஆடி நின்றன. எண்பது வருடமாக அவற்றின் நடுவே நின்றிருந்த மர யானை மட்டும் குப்புறக் கிடந்தது. தும்பிக்கை தனியாக உருண்டு, டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் போயிருந்தது.

"பார்த்து, பார்த்துன்னு சொன்னேனேண்ணே!" மேற்பார்வையாளர் தலையில் கை வைத்தார்.

"நீங்க பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்க. நான்தான் போல்ட்டைக் கழட்டினேன்" என்றார் தச்சர். "உப்புக்காத்துல எல்லாம் துரு. கடைசிப் போல்ட்டை லேசாத் தட்டினேன், ஆனை படுத்துருச்சு. ஆமா, மூணு மாசமா சுரண்டி, பாலிஷ் போட்டு, கண்ணு வரைஞ்ச ஆனையை இப்ப எதுக்கு சார் பிடுங்கணும்?"

மேற்பார்வையாளர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். காலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. உரக்கப் படித்தார்.

"'பழைய ஆனை இனிச் செல்லாது. அதை உடனே அகற்றிவிட்டு, புதிய ஆனையை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கவும். ஆனையின் கீழே தாங்கள் கையெழுத்திடவும்.'"

"செல்லாதா? நேத்துகூட ஜம்முன்னு சுத்துச்சே!"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? 'யானை'ன்னு ஒழுங்கா எழுதவே தெரியல."

"சரி, கீழன்னா எங்க சார் கையெழுத்து? வயித்துலயா, கால்லயா?"

"அதெல்லாம் புது ஆனை வந்ததும் பார்த்துக்கலாம். டைரக்டர் நாலு மணிக்கு வர்றார். அதுக்குள்ள இதை வெளிய தள்ளுங்க."

அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. நாளை பூங்கா மறுபடி திறக்கிறது. இன்று டைரக்டர் திருப்தியாகத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். 'இந்த வருஷமாவது உண்டா?' என்று கேட்கும் மனைவியிடம் எட்டாவது தடவையும் தலையைச் சொறிய அவருக்குத் தெம்பில்லை.

யானையைத் தள்ளினார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே அது கச்சிதமாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"ஒரு தூணைக் கழட்டிட்டா வந்துரும்" என்றார் தச்சர்.

கழற்றினார். யானை வரவில்லை. மேற்கூரைதான் வந்தது. மூன்று குதிரைகள் அதன் அடியில் போயின.

மேற்பார்வையாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். எழுத்தர் எடுத்தார்.

"காலையில வந்த கடிதம் விஷயமா... பழசை எடுக்கறப்ப கொஞ்சம் சேதமாயிடுச்சுங்க."

"பழசுதானே? கிழிச்சே போட்டுடுங்க சார். எங்களுக்குத் திருப்பி வேண்டாம்."

மேற்பார்வையாளருக்கு உயிர் வந்தது. "அப்போ புதுசு?"

"ஆள் சைக்கிள்ல கொண்டு வந்துக்கிட்டே இருக்காரு."

"சைக்கிள்லயா! கனமா இருக்காது?"

"என்ன சார் கனம்? ஒரே பக்கம்தான். கடல்காத்துல பறந்துடாம பசை தடவி ஒட்டிடுங்க."

போனை வைத்துவிட்டு மேற்பார்வையாளர் நிமிர்ந்தார். "அண்ணே, இப்பல்லாம் புது மாடல் போல. ஒரு பக்கம் மட்டும்தான் ஆனை."

"இன்னொரு பக்கம்?"

"கடல் பக்கம் யார் பார்க்கப்போறா? பசையைக் காய்ச்சுங்க."

"ஆனை பசையில நிக்குமா சார்?"

"பறக்குதுன்னுதானே ஒட்டச் சொல்றாங்க! அதுக்கு முன்னாடி இந்த மரத்தைக் கிழிங்க. உத்தரவு வாங்கியாச்சு."

தச்சர் ரம்பத்தை எடுத்தார். முதுகை அறுக்கும்போது அவரே கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் யானை நாலு துண்டானது. காதுகள் இரண்டும் பசை வாளிக்கு மூடியாகின.

மணி நான்கு. வாசலில் டைரக்டரின் கார் ஹார்ன் கேட்டது. காரை முந்திக்கொண்டு ஒரு சைக்கிள் உள்ளே நுழைந்தது. மூச்சு வாங்க இறங்கிய அலுவலக உதவியாளர், பையிலிருந்து ஒரு உறையை உருவினார்.

மேற்பார்வையாளர் ஒரு கையில் பசைத் தூரிகையும் மறு கையில் பேனாவுமாக ஓடினார். "வாங்க, வாங்க! எங்க புது ஆனை? மடிச்சா கொண்டு வந்தீங்க?"

உதவியாளர் சரிந்த கூரையைப் பார்த்தார். துண்டுகளைப் பார்த்தார். தும்பிக்கையைப் பார்த்தார். பிறகு உறையை மெதுவாக நீட்டினார்.

"சார், அது மூணு சுழி 'ஆணை'... டைப் அடிச்சவங்க ஒரு சுழியை விட்டுட்டாங்க. இந்தாங்க புது ஆணை, 'மர யானையை யாரும் தொடக்கூடாது'ன்னு!"