பெரிசுக்கு இழுக்குது

கெட்ட சேதி சொல்லும்போது மனிதன் எழுவாயை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். (எழுவாய் என்று ஒன்று இருப்பதே பிற்பாடு என் பெண் சொல்லித்தான் தெரியும். நான் அந்தப் பாடம் வருவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து எழுந்து வந்தவன்.)

எங்கள் வீட்டில் ஒரு பக் நாய். மனைவி செல்வி வைத்த பெயர் ஜிம்மி. சப்பை மூக்கு, மடிப்பு மடிப்பாக நெற்றி, எதை வைத்தாலும் ‘இதெல்லாம் ஒரு சாப்பாடா’ என்கிற பார்வை. அச்சு அசல் என் மாமனார். அதனால் செல்வி பக்கத்தில் இல்லாதபோது அதைப் ‘பெரிசு’ என்றுதான் கூப்பிடுவேன். (மாமனாரையும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான். வேறு பேர் யோசிக்கிற அளவுக்கு மூளை கிடையாது.)

அந்த வெள்ளிக்கிழமை செல்வி மாகறலில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். எங்களோடு வந்து தங்கியிருந்த மாமனார் முடிவெட்டக் கிளம்பிப் போனார். நான் புடவைக் கடை வேலைக்குப் போகுமுன் வீட்டுக்குச் சாம்பிராணி போட்டேன். ஒரு கை அள்ளிப் போட்டதில் எதிரே இருந்த டிவியே மறைந்துபோனது.

புகைக்குள்ளிருந்து ஒரு சத்தம். “க்ர்ர்க்... க்ர்ர்க்...”

ஜிம்மி! முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, கண் பிதுங்க, காற்றை உள்ளே இழுக்கிறது, இழுக்கிறது, வெளியே விடவே காணோம். செல்வி திரும்பி வரும்போது நாய் உயிரோடு இல்லையென்றால் நானும் இருக்கமாட்டேன். கண் பட்டிருக்கும் என்று அதன் மூஞ்சிக்கு நேராக இன்னும் கொஞ்சம் சாம்பிராணி காட்டினேன். (நான் டாக்டருக்குப் படிக்காதது நாட்டுக்கு நல்லது.) சத்தம் இரட்டிப்பானது.

செல்வியின் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“மச்சான், பெரிசுக்கு இழுத்துக்கினு இருக்குதுபா!”

“இன்னா மாப்ள சொல்ற? காத்தால நல்லாத்தான இருந்தாரு?”

(நாய்க்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறான் என்று அந்த நேரத்திலும் உருகினேன்.)

“கண்ணு ரெண்டும் பிதுங்கிக்கினு நிக்குது. செல்விகிட்ட நீயே மெதுவா சொல்லிடு. எனக்கு தெகிரியம் இல்ல.”

வைத்துவிட்டு, ஜிம்மிக்கு ஊசி போடுகிற டாக்டரம்மாவை வீடியோவில் பிடித்தேன். நடுவில் மச்சான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கட் பண்ணிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா பார்த்துச் சிரித்துவிட்டார். “பயப்படாதீங்க. நாம வெளிய தும்முறோம், அது உள்ள இழுத்து தும்முது. அவ்ளோதான். புகைய விட்டு வெளிய தூக்கினு போய் தொண்டைய மெதுவா தடவுங்க, நின்னுடும். நாக்கு நீலமாச்சுன்னாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குச்சுன்னாலோ உடனே தூக்கினு வந்துடணும்.”

போனை உள்ளே வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து தடவினேன். நின்றுவிட்டது. ஜிம்மி என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்தது.

மறுபடி வந்துவிடுமோ என்று முக்கால் மணி நேரம் அங்கேயே காவல் இருந்து, அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. “அப்பாஆஆ!” என்று தலைவிரிகோலமாகச் செல்வி இறங்கினாள். (நாய்க்கு எதற்கு அப்பா முறை என்றுதான் அப்போதும் யோசித்தேன்.) பின்னால் மச்சான், கையில் ரோஜா மாலை. நான் போனை எடுக்காததால் எல்லாம் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டானாம்.

அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து, முடி வெட்டி, மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு மாமனார் வந்தார்.

“இன்னாடா கூட்டம்? யாருக்கு மாலை?”

மச்சானுக்கு வாய் குழறியது. “உ... உனக்குத்தாம்பா.”

தெருவே வாயைப் பிளந்து நின்றது. செல்வியின் அழுகை பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப இழுத்துக்கினு இருந்தது யாரு?”

“ஜிம்மிமா...”

“யோவ், பெரிசுன்னு தானய்யா சொன்ன!” என்று கத்தினான் மச்சான்.

நான் விளக்கம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ‘பெரிசு’ என்ற சத்தம் காதில் விழுந்ததும் ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு மச்சானிடம் ஓடியது.

மாமனார் அதன் முகத்தைப் பார்த்தார். அது அவர் முகத்தைப் பார்த்தது. ரெண்டு நெற்றியும் ஒரே மாதிரி சுருங்கின. அழுத கண்ணோடு செல்விதான் முதலில் சிரித்துத் தொலைத்தாள். மாமனார் சிரிக்கவில்லை. மாலையை வாங்கி என் கழுத்தில் போட்டார்.

“வாங்கினது வீணாவக் கூடாது மாப்ள.”

இன்றைக்கும் மாகறலுக்கு நான் போன் போட்டால் யாரும் ஹலோ சொல்வதில்லை. “ரெண்டு காலா, நாலு காலா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். போன மாதம் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு விசாரிக்கக் கூப்பிட்டேன். அவரே எடுத்தார்.

“ரெண்டு காலுதான் பேசறேன். இழுக்கல மாப்ள, வெறும் இருமல்தான்.”